காலிக் கல்லறைக்கு எதற்கு இவ்வளவு கூட்டம்?

ஃபோர்ட் கொச்சிக்குப் போய் வந்த யாரிடமும் ஒரு போட்டோ நிச்சயம் இருக்கும். சீன வலை போட்டோ இல்லைங்க, அது இன்னொன்று. நான் சொல்வது செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் தரையில் பதித்து, சுற்றிலும் கம்பி கட்டிய ஒரு கல்லின் போட்டோ. கீழே கேப்ஷன்: "வாஸ்கோடகாமா இங்கேதான் புதைக்கப்பட்டார்". லைக் குவியும்.

ஒரு சின்ன விஷயம்தான். அந்தக் கல்லுக்குக் கீழே வாஸ்கோடகாமா இல்லை. 1539-லேயே கிளம்பிவிட்டார்.

நான் வரலாறு படிக்கிற மாணவன் இல்லை, பி.காம். அதனால் என்ன? இதை எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் "கற்பனைச் சொத்து" என்று ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஆனால் தொட்டுப் பார்க்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சீக்கிரம் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதுதான் நல்ல பழக்கம் என்று வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். கொச்சிக் கோயிலின் கணக்குப் புத்தகத்தில் வாஸ்கோடகாமா அப்படிப்பட்ட ஒரு சொத்து. சுமார் 500 வருஷமாக யாரும் நீக்காமல் வைத்திருக்கிறோம். அதைவிட மோசம், உண்மையான சொத்துகள் எதையும் கணக்கிலேயே ஏற்றவில்லை. இந்தக் கட்டுரையின் சண்டை இதுதான்.

முதலில் கோயிலின் கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1500-ல் கப்ரால் தலைமையில் வந்த போர்த்துகீசியக் கப்பல்களில் மிளகு வாங்க வந்தவர்களோடு பிரான்சிஸ்கன் துறவிகளும் வந்தார்கள். கோழிக்கோட்டில் சாமூதிரியோடு தகராறு முற்றவே கப்பல்கள் கொச்சிக்குத் திரும்பின. கொச்சி ராஜாவுக்கும் சாமூதிரிக்கும் ஏற்கெனவே ஆகாது. எதிரிக்கு எதிரி நண்பன் என்ற பழைய கணக்குதான். 1503-ல் கோட்டை கட்டிக்கொள்ள ராஜா அனுமதி கொடுத்தார். கோட்டை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள், முதலில் கட்டியது மரத்தடிகளை அடுக்கித்தான். அதற்குள் மரத்தாலேயே ஒரு சின்னக் கோயில். 1506-ல் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்ட அனுமதி கிடைத்தது. பிரான்சிஸ்கன்கள் தங்கள் மடத்தோடு சேர்த்துக் கட்டிய கோயில் 1516-ல் முடிந்தது. அப்போது அது செயின்ட் பிரான்சிஸ் கோயிலே இல்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அந்தோனியார் கோயில்.

கடலிலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்தில் துறவிகளின் மடம். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய கோயில்களில் இன்றும் நிற்பவற்றில் ஆகப் பழையது என்று இதைச் சொல்வார்கள்.

1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்க மடங்களையும் கோயில்களையும் இடித்துத் தள்ளினார்கள். சாந்தா குரூஸ் பேராலயத்தைக் கிடங்காக்கினார்கள் (பிறகு வந்த ஆங்கிலேயர்கள் அதையும் இடித்தார்கள், இப்போது நாம் பார்க்கும் சாந்தா குரூஸ் பசிலிக்கா 1905-ல் திருநிலைப்படுத்தப்பட்ட புதுக் கட்டடம்). அந்தோனியார் கோயிலை மட்டும் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த மடம் போய்விட்டது. துறவிகளும் போய்விட்டார்கள். கோயில் மட்டும் மிச்சம்.

1779-ல் டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்தார்கள். 1795-ல் கொச்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1804-ல் டச்சுக்காரர்கள் கோயிலை ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைத்தார்கள். "செயின்ட் பிரான்சிஸ்" என்ற பெயர் அதற்கப்புறம் வந்ததுதான். 1923-ல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமானது. 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானதிலிருந்து அவர்கள் வழிபாடு நடத்துகிறார்கள்.

கவனித்தீர்களா? கத்தோலிக்கத் துறவிகள் கட்டியதை டச்சுச் சீர்திருத்த சபை எடுத்துக்கொண்டது, அவர்களிடமிருந்து ஆங்கிலிக்கன்களுக்குப் போய், கடைசியில் சி.எஸ்.ஐ.யிடம் வந்திருக்கிறது. ஒரே கட்டடம் நான்கு கை மாறியிருக்கிறது, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பின்னால் ஒரு போரோ ஒரு வியாபாரமோ இருக்கிறது. மிளகு விலை யார் கையில் இருந்ததோ அவர்களுடைய ஜெபம்தான் அந்தக் கூரைக்குக் கீழே கேட்டது. ஆசியாவுக்கு ஐரோப்பா வந்த கதை முழுக்க ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கிறது. இதை வைத்து ஒரு முழு செமஸ்டர் பாடம் எடுக்கலாம்.

நாம் என்ன செய்கிறோம்? "வாஸ்கோடகாமா சர்ச்" என்கிறோம்.

சரி, அவருடைய பங்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது முறை இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். 1524 செப்டம்பரில் கோவாவில் இறங்கினார். டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். இந்தக் கோயிலில் புதைத்தார்கள். 1539-ல் எலும்புகளைத் தோண்டி எடுத்து போர்ச்சுகலில் அவருடைய ஊரான விடிகைராவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1880-ல் லிஸ்பனின் பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடத்துக்கு மாற்றினார்கள். பளிங்கில் செதுக்கிய பெரிய கல்லறை அங்கே இருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் லிஸ்பனுக்கு டிக்கெட் போடலாம்.

அதாவது 1516-ல் எழுந்த கட்டடத்தில் காமா இருந்தது 14 வருஷம் சொச்சம். 500 வருஷத்துக்கு மேற்பட்ட ஆயுளில் 3 சதவீதம்கூட இல்லை. அதுவும் உயிரோடு இல்லை! வாடகைக்கு 14 வருஷம் குடியிருந்து காலி செய்து போனவர் பெயரில் வீட்டைப் பதிவு செய்வார்களா எங்காவது?

"கொஞ்ச நாள் இருந்தால் என்ன, ஆள் பெரிய ஆளாச்சே" என்பீர்கள். பெரிய ஆளா என்று பார்த்துவிடலாம்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து மனப்பாடம்: இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா. ஐரோப்பியர்களுக்குக் கண்டுபிடித்தார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது லேசான காரியமும் இல்லை. ஆனால் மலிந்தியிலிருந்து அரபிக் கடலைக் கடக்க வழி தெரிந்த ஒரு மாலுமியை அங்கிருந்தே ஏற்றிக்கொண்டுதான் வந்தார். 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் கரைக்கு முதலில் ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆளை அங்கே வரவேற்றது யார் தெரியுமா? ஸ்பெயின் பாஷையும் இத்தாலியின் ஜெனோவா பாஷையும் பேசிய இரண்டு துனீசியாக்காரர்கள்! உலகமே ஏற்கெனவே வந்து கடை போட்டிருந்த ஊருக்கு லேட்டாக வந்தவரைக் "கண்டுபிடித்தவர்" என்கிறோம். பஸ் ஸ்டாண்டில் ஐந்நூறு பேர் நிற்கும்போது கடைசியாக வந்தவர், பஸ் ஸ்டாண்டை நான்தான் கண்டுபிடித்தேன் என்றால் எப்படி இருக்கும்?

அதுகூடப் போகட்டும். 1502-க்கு வருவோம். இரண்டாவது பயணம். மெக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 'மிரி' என்ற கப்பலை மலபார்க் கடலில் மடக்கினார். கப்பலில் இருந்தவர்கள் பணம் தருகிறோம், சரக்கு தருகிறோம் என்று கெஞ்சினார்கள். சரக்கைப் பறித்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர். சில குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மதம் மாற்றினார்கள். அதற்கடுத்து கோழிக்கோட்டின் மேல் பீரங்கிக் குண்டு மழை. பிடிபட்ட சாதாரண மீனவர்களைக் கப்பல் பாய்மரத்தில் தூக்கிலிட்டு, கை கால்களை வெட்டிப் படகில் போட்டுக் கரைக்கு அனுப்பினார்கள். உறுமி (2011) படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கப்பல் காட்சி ஞாபகம் வரும். சினிமாவுக்காக யாரோ கற்பனை செய்ததல்ல, போர்த்துகீசியர்களே எழுதி வைத்த குறிப்புகளில் இருப்பது.

இனி எதிர்க் கேள்விகள். நண்பர்களோடு ஹாஸ்டலில் வாக்குவாதம் செய்தபோது வந்த அத்தனையையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: "அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான். இன்றைய அளவுகோலை வைத்து 1502-ஐ அளக்கலாமா?"

அளக்க வேண்டாம். 1502-ன் அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கப்பற்படையில் வந்து கண்ணால் பார்த்த தோமே லோபெஸ் என்ற போர்த்துகீசியர் தன் குறிப்பில் அதைக் கொடுமை என்றுதான் பதிந்திருக்கிறார். அவர் மனித உரிமை ஆணையத்துக்காரர் இல்லை, காமாவின் சொந்தக் கூட்டத்து ஆள். அவருக்கே வயிற்றைக் கலக்கியது என்றால், நமக்கு மட்டும் என்ன தாராள மனசு?

இரண்டாவது கேள்வி: "இது கிறிஸ்தவர்களுக்கு எதிரான பேச்சு."

இதற்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொளுத்திப் போட ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். அந்த மடத்தையும் அக்கம்பக்கத்துக் கோயில்களையும் இடித்தவர்கள் யார்? முஸ்லிம்களா, இந்துக்களா? ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள். கொச்சியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தது யார்? ஒரு இந்து ராஜா. போர்த்துகீசியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேரளத்தில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களே போர்த்துகீசியச் சபை அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று 1653-ல் மட்டாஞ்சேரியில் ஒன்றுகூடிச் சத்தியம் செய்தார்கள். கூனன் குருசு சத்தியம் என்று அதற்குப் பெயர். இது ஒரு மதம் இன்னொரு மதத்தை மிதித்த கதை என்று சுருக்கினால் கதையில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். காமாவைக் கேள்வி கேட்பது கிறிஸ்தவத்தைக் கேள்வி கேட்பது என்றால், கிறிஸ்தவத்தின் ஏஜென்ஸியைக் காமாவுக்கு எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான், நானில்லை. அந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடத்தும் சபைக்கும் 1502-க்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் மடத்துத் துறவிகளுக்கு முழு வெள்ளையடிக்கவும் நான் தயாரில்லை. அவர்கள் வந்தது பீரங்கி பொருத்திய கப்பலில். மடம் நின்றது கோட்டைக்குள். அந்தக் கோட்டையின் நிழல் மடத்தின் மேலும் விழத்தான் செய்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் நேர்மை.

மூன்றாவது கேள்வி, இதுதான் நம்ம டிபார்ட்மெண்ட் கேள்வி: "காமா பெயருக்குத்தான் டூரிஸ்ட் வருகிறான். பிராண்டைக் கெடுக்காதே."

பிராண்டா? குட்வில் என்றால் என்ன என்று நமக்கு நடத்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமான நல்ல பெயர். எங்கள் வகுப்பு ஐ.வி. என்ற பெயரில் (எந்த இண்டஸ்ட்ரியை விசிட் செய்தோம் என்று கேட்காதீர்கள்) கொச்சிக்குப் போனபோது, அந்தக் கோயிலுக்குள் எங்கள் பஸ் மொத்தமும் செலவழித்த நேரம் பத்து நிமிஷம் இருக்கும். கைடு கல்லைக் காட்டினார், எல்லோரும் கிளிக்கினோம், "அவ்ளோதானா?" என்று வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கினோம். காலிக் கல்லுக்கு அவ்வளவுதான் இழுவை. ஒரு தடவை பார்த்தவன் இரண்டாம் தடவை வர மாட்டான். பத்து நிமிஷத்தில் முடிகிற இடத்தை அரை நாள் இடமாக்கும் கதைகள் அதே சுவர்களுக்குள் சும்மா கிடக்கின்றன. வியாபாரமாகவே பார்த்தாலும் இது நஷ்டக் கணக்குதான்.

நான்காவது கேள்வி, நியாயமான கேள்வி: "சரி, காமாவை விட்டுவிட்டு எதைக் காட்டச் சொல்கிறாய்?"

சொல்கிறேன்.

கோயிலின் பக்கச் சுவர்களைப் பாருங்கள். போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைக் கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். ஒருகாலத்தில் எல்லாம் தரையில் இருந்தவை. 1886-87-ல் பழுது பார்த்தபோது பெயர்த்துச் சுவரில் ஏற்றினார்கள். எங்கிருந்தோ வந்து, மிளகு எண்ணி, காய்ச்சலில் செத்துப்போன மனிதர்கள். எலும்பைக் கொண்டுபோகக் கப்பல் அனுப்ப ஆள் இல்லாதவர்கள்.

அப்புறம் 'டோப் புக்'. 1751 முதல் 1804 வரையிலான டச்சு ஞானஸ்நான, திருமணப் பதிவேடு. ஒரு துறைமுக ஊரில் யார் யாரைக் கட்டினார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று அரை நூற்றாண்டின் குடும்பக் கணக்கு. எந்தக் கேப்டனின் வீரக் கதையைவிடவும் இது எனக்குப் பெரிது.

அப்புறம் தலைக்கு மேலே தொங்கும் பங்கா. துணி விசிறிகளின் கயிறு சுவர் வழியாக வெளியே போகும். வெளியே வெயிலில் நின்று ஒரு ஆள் இழுக்க வேண்டும். உள்ளே காற்று வாங்கியவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கும், கல்லில் இருக்கும். கயிறு இழுத்தவர் பெயர் எங்கே? எந்தக் கல்லிலும் இல்லை. அந்தக் கயிற்றுத் துளையைக் காட்டி இதைச் சொன்னால், உள்ளே நிற்கிற பையனுக்கு காலனி ஆட்சி என்றால் என்னவென்று ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இப்போது நம் வீட்டுக் கதை. தமிழ்நாட்டிலிருந்து வண்டி கட்டிப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

1530-களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்குக் கடுமையான நெருக்கடி. முத்துக் குளிப்பு யார் கையில் இருப்பது என்ற சண்டை. உதவி கேட்டு அவர்களுடைய தலைவர்கள், பட்டங்கட்டிகள், போன ஊர் எது? கொச்சி. அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னாலேயே கடற்கரை ஊர்கள் முழுக்க ஆயிரக்கணக்கில் மதம் மாறினார்கள். சவேரியார் அந்தக் கடற்கரையில் கால் வைத்தது 1542-ல், அதற்கப்புறம்தான். நம் வகுப்பு அட்டெண்டன்ஸில் ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ, கொரைரா என்று கூப்பிடும்போது "பிரசெண்ட் சார்" சொல்கிறார்களே, அந்தப் பெயர்களின் வேர் அந்த 1530-களில் இருக்கிறது. காமாவின் எலும்பு அந்தக் கல்லுக்குக் கீழே கிடந்த அதே வருஷங்களில் நம்ம கடற்கரையின் தலையெழுத்து அதே ஊரில் மாறிக்கொண்டிருந்தது. கைடு எதைச் சொன்னார்? எலும்பைச் சொன்னார்.

இன்னும் இருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ்ப் புத்தகம் அச்சானது. இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, 1579-ல், அதைவிடப் பல மடங்கு பெரிய 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது. எங்கே? கொச்சியில், சேசு சபையாரின் கல்லூரியில். இரண்டையும் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் (ஹென்றிக் ஹென்றிக்கஸ்). போர்த்துகீசியர். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு தமிழர்களோடு வாழ்ந்து, தமிழ் இலக்கணம் எழுதி, 1600-ல் இங்கேயே இறந்தவர். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிக் கடலுக்கு அடியில் போய் எடுத்த காசில் தமிழ் அச்சேறியது.

அந்தோனியார் கோயில் நின்ற அதே கொச்சியில்தான் இது நடந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் இரண்டாவது ஊர் கொச்சி. இதைத் தெரியாமல் வருஷா வருஷம் எத்தனை தமிழ்நாட்டுக் கல்லூரி பஸ்கள் அங்கே போய், காலிக் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன!

இங்கே ஒரு புத்திசாலி நண்பன் மடக்கினான்: "காமா வழி காட்டாவிட்டால் அண்டிரிக் அடிகளார் வந்திருப்பாரா? அச்சு வந்திருக்குமா? அப்போ கிரெடிட் காமாவுக்குத்தானே?"

இல்லை. ரோடு போட்ட கான்ட்ராக்டருக்கு, அந்த ரோட்டில் போன ஆம்புலன்ஸ் காப்பாற்றிய உயிரின் புண்ணியம் சேராது. அதுவும் ரோடு போடும்போது ஆட்களைக் கொளுத்திய கான்ட்ராக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். காமா இறந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வேறு ஆட்கள், வேறு நோக்கத்தில், வேறு ஆட்களின் பணத்தில் செய்த வேலை அது. எழுதியவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் எழுத்து வார்த்தவருக்கும் சேர வேண்டிய வரவை ஒரு கேப்டனின் கணக்கில் வரவு வைப்பது தப்பான பதிவு. கணக்குப்பதிவியலில் இதற்கு மார்க் குறைப்பார்கள்.

1998-ல் காமா வந்த 500-வது ஆண்டைக் கொண்டாடலாமா என்ற பேச்சு எழுந்தபோது கேரளத்திலும் கோவாவிலும் எதிர்ப்பு கிளம்பியது. லிஸ்பனில் அதே வருஷம் அவர் பெயரில் பெரிய பாலமே திறந்தார்கள். அவர்கள் ஊர், அவர்கள் ஆள், அவர்கள் பாடு. நம்முடைய கேள்வி வேறு. நம் கரையில் நிற்கும் கட்டடத்துக்கு நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிற விஷயம். அதற்கு யாரிடமும் பர்மிஷன் வாங்கத் தேவையில்லை.

நான் கல்லைப் பெயர்க்கச் சொல்லவில்லை. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் திரித்துப் பேசக்கூடாது. கல் இருக்கட்டும். காமா இங்கே இறந்ததும் புதைக்கப்பட்டதும் நடந்தவை, அதை அழிப்பதும் இன்னொரு பொய்தான். இடிப்பதில் டச்சுக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் வேண்டாமா? நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, "வாஸ்கோடகாமா சர்ச்" என்று சொல்வதை நிறுத்துவோம். செயின்ட் பிரான்சிஸ் கோயில் என்று சொல்வோம். (எந்தப் பிரான்சிஸ் என்று சந்தேகம் வருபவர்களுக்கு: சவேரியார் இல்லை, கட்டிய துறவிகளின் சபையை ஆரம்பித்த அசிசியார்.)

இரண்டு, அந்தக் கல்லைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் 1524, 1539 இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள். கூடவே 1502-ஐயும் போடுங்கள். மூன்று எண்கள்தான், கேப்ஷனில் இடம் இருக்கும்.

மூன்று, அடுத்த வருஷம் ஐ.வி. போகும் ஜூனியர்களே, கைடு முன்னால் நடக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சடிச்சாங்களாமே?" அவருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கூட்டம் கேட்கிறது என்று தெரிந்தால் கைடு கதையை மாற்றிக்கொள்வார். டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும், நமக்குத் தெரியாத பாடமா?

துறவிகளின் மடம் 1663-ல் போனது, திரும்ப வராது. அச்சுக்கூடம் போனது, அதுவும் வராது. பங்கா இழுத்தவர்களின் பெயர்களும் போய்விட்டன. போன இவற்றையெல்லாம் நினைக்க ஒரு சுவர்கூட ஒதுக்காமல், எலும்பைச் சொந்த ஊருக்கே எடுத்துக்கொண்டு போய் நிம்மதியாகப் படுத்திருப்பவருக்கு மட்டும் கம்பி வேலி கட்டி வரிசையில் நிற்கிறோம்.

கணக்கை முடிக்கும் நேரம் தாண்டி ரொம்ப நாள் ஆகிறது. கற்பனைச் சொத்தை நீக்குங்கள். நிஜச் சொத்துகளை ஏற்றுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் வாருங்கள், கேன்டீனில் டீ என் செலவு. வாதம் உங்கள் செலவு.